குரல் தேர்வுக்கு வந்தவரிடம் தாளை நீட்டாதீர்கள்

வானொலி அறிவிப்பாளராக வேண்டும் என்ற ஆசையோடு குரல் தேர்வுக்குப் போகிறவர் கையில் முதலில் கொடுக்கப்படுவது ஒரு தாள். அதில் ஒரு செய்தித் துணுக்கு இருக்கும். வாயில் எளிதில் நுழையாத வெளிநாட்டுத் தலைவர் பெயரும் நீளமான சிங்கள ஊர்ப் பெயரும் அதற்குள் செருகப்பட்டிருக்கும். கீழே ஒரு விளம்பரம், ஒரு பாடலுக்கான அறிமுகம், சில வேளை நாலு வரி நாடக வசனம். கொஞ்ச நேரம் பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுவார்கள். வந்தவர் வாசிக்க வேண்டும். ளகரமும் ழகரமும் பிசகுகிறதா, மூச்சை எங்கே வாங்குகிறார், வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்கிவிடுகிறாரா என்று உள்ளே இருப்பவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள்.

கேட்பதற்காகவே நடத்தப்படும் தேர்வு அது. அதற்குள் நுழைய வேண்டிய இரண்டு வாசல்களும், அச்சிட்ட தாளும் கையசைப்பும், கண்ணை நம்பி இருக்கின்றன. விழிப்புலன் இல்லாத ஒருவர் அங்கே போய் நின்றால், அவருடைய குரல் எப்படி என்று யாருக்கும் தெரியவருமுன்பே தேர்வு முடிந்துவிடுகிறது. எவரும் கடுமையாகப் பேசப் போவதில்லை. "நாங்க அறிவிக்கிறம் தம்பி" என்று அன்பாகவே சொல்லி அனுப்பலாம். அந்த அன்பால் அவருக்கு ஒரு பயனும் இல்லை.

கொழும்பில் வானொலி தொடங்கி நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. லண்டனில் பி.பி.சி. பிறந்து மூன்றே ஆண்டுகளில், 1925 டிசம்பர் 16ஆம் திகதி, தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பரின் முயற்சியால் கொழும்பு வானொலி முறைப்படி ஒலிக்கத் தொடங்கியது. 1949இல் அது ரேடியோ சிலோன் என்ற தனித் திணைக்களமாயிற்று. 1950இல் வர்த்தக சேவை வந்தது. 1967இல் கூட்டுத்தாபனமாயிற்று. எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் என்று இங்கிருந்து எழுந்த குரல்களைப் பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களும் தங்கள் வீட்டு மனிதர்களின் குரலாகவே எடுத்துக்கொண்டார்கள். அந்த நேயர்களில் மிகப் பெரும்பாலோர் இவர்களுடைய முகத்தை ஆண்டுக்கணக்கில் பார்த்ததே இல்லை. கறுப்பா சிவப்பா, நெட்டையா குட்டையா, நடப்பவரா தடியூன்றுபவரா என்று யாரும் கேட்கவில்லை. "பொங்கும் பூம்புனல்" காலையில் வந்தால் போதும்.

உடம்பைப் பற்றி இவ்வளவு குறைவாக விசாரிக்கும் தொழில் வேறு ஏதும் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. அதனாலேயே இதில் விழும் தடை என்னை அதிகம் உறுத்துகிறது. பஸ் ஓட்டுவதற்குப் பார்வை வேண்டும், ஒத்துக்கொள்ளலாம். ஒரு பாடலை அறிமுகப்படுத்தவும், நேயரோடு தொலைபேசியில் பேசவும், அமைச்சரை மடக்கிக் கேள்வி கேட்கவும் கால் எதற்கு, கண் எதற்கு?

வானொலிப் பெட்டியை மற்றவர்களைவிட நெருக்கமாகப் பற்றிக்கொண்டவர்கள் பார்வையற்றவர்கள்தான். இங்கிலாந்தில் இதை 1920களிலேயே புரிந்துகொண்டார்கள். பார்வையற்றவர்களின் வீடுகளுக்கு வானொலிப் பெட்டி கொடுப்பதற்கென்றே 1928இல் ஒரு நிதியம் உருவானது. அதற்குப் பணம் கேட்டு 1929 நத்தார் தினத்தன்று பி.பி.சி.யில் பேசியவர் வின்ஸ்டன் சேர்ச்சில். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 1969இல் நாளிதழையும் புத்தகத்தையும் வாசித்துக் காட்டுவதற்கென்றே ஒரு வானொலிச் சேவை தொடங்கியது. பத்திரிகை கையில் கிடைத்தும் படிக்க முடியாதவருக்கு அன்றைய செய்தி அன்றைக்கே காதில் விழுந்தது.

நம் வீடுகளிலும் இது புதிதில்லை. கொழும்பில், கொட்டாஞ்சேனைத் தோட்டக் குடியிருப்புகளில் ஒரு வீட்டு ரேடியோ நாலு வீட்டுக்குக் கேட்ட காலம் உண்டு. அந்தப் பெட்டிக்குப் பக்கத்து நாற்காலி வீட்டில் கண் தெரியாத பெரியவருக்கோ நடக்க முடியாத பிள்ளைக்கோ உரியதாக இருக்கும். எந்த நிகழ்ச்சி எத்தனை மணிக்கு, எந்த அறிவிப்பாளர் எந்தச் சொல்லை எப்படி இழுப்பார், யார் விடுமுறையில் போயிருக்கிறார் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. நூறு ஆண்டாக அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பேசுவதற்கு அவர்களை அழைத்தது மிகக் குறைவு.

அழைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு எட் வோக்கரைப் பார்க்கலாம். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். வோஷிங்டனில் உள்ள அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் பார்வையற்ற மாணவர். அங்கே மாணவர் வானொலியைத் தொடங்கிய கூட்டத்தில் அவரும் ஒருவர். அங்கே பழக்கமான வில்லர்ட் ஸ்கொட்டோடு சேர்ந்து 1955இல் "ஜோய் போய்ஸ்" என்ற நகைச்சுவை நிகழ்ச்சியைத் தொடங்கினார். பத்தொன்பது ஆண்டுகள் அது ஓடியது. பல பாத்திரங்கள், பல குரல்கள். எந்தப் பாத்திரம் எப்போது வரும், முதல் வசனம் எது என்பதை ஸ்கொட் குறிப்பாக எழுதிக்கொள்வார். வோக்கர் அதே வரிசையை மனதில் ஏற்றுவார், அல்லது பிரெயிலில் தட்டிவைத்துக்கொள்வார். மீதி முழுவதும் அந்த நேரத்தில் பிறக்கும் பேச்சு.

பிறகு 1990இலிருந்து பழைய வானொலி நாடகங்களை ஒலிபரப்பும் நிகழ்ச்சியொன்றை வோஷிங்டனில் நடத்தினார். சிறுவயதில் தான் கேட்டு வளர்ந்த அதே நாடகங்கள். 2015 ஒக்டோபரில் தமது கடைசி நிகழ்ச்சியை மருத்துவமனையில் இருந்தபடியே பதிவு செய்தார். அது ஒலிபரப்பானபோது குடும்பத்தோடு இருந்து கேட்டார். சில மணி நேரத்தில் காலமானார். அறுபது ஆண்டுத் தொழில் வாழ்க்கை. அதில் பெரும் பகுதி "மாற்றுத்திறனாளிகளுக்கான நிகழ்ச்சி" அல்ல. சிரிக்க வைக்கிற வேலை, கதை சொல்கிற வேலை.

பீட்டர் வைட்டின் பாதை வேறு. அவரும் பிறவியிலேயே பார்வையற்றவர். பி.பி.சி. வானொலியில் பார்வையற்றவர்களுக்கான "இன் டச்" நிகழ்ச்சி 1961இல் தொடங்கியது. 1974இலிருந்து அதன் குரல் அவர். 1995இல் பி.பி.சி. அவரை இயலாமை விவகாரங்களுக்கான செய்தியாளராக நியமித்தது. ஓய்வூதியம், பேருந்து, வேலைவாய்ப்பு, மருத்துவமனை என்று அதிகாரிகளை நேரே நிறுத்திக் கேள்வி கேட்டவர். கேள்விகளைப் பிரெயிலில் வைத்துக்கொள்வார். பி.பி.சி. ரேடியோ 4இல் 1977 முதல் இருபது ஆண்டுக்கு மேல் இன்னொரு நிகழ்ச்சியும் ஓடியது. அதன் பெயரே "இவருக்குச் சீனி போடவா?" என்ற கேள்வி. சக்கர நாற்காலியில் இருப்பவரை விட்டுவிட்டு, கூட வந்தவரைப் பார்த்துக் கேட்கும் கேள்வி அது. வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடை எதிலும் இன்றைக்கும் அதைக் கேட்கலாம். "அண்ணைக்குத் தேத்தண்ணியோ, கோப்பியோ?" என்று தங்கையிடம் விசாரிப்பார்கள். அண்ணை பக்கத்திலேயே இருப்பார், வாயும் இருக்கும்.

பேசவே முடியாதவர் வானொலியில் என்ன செய்வார் என்று கேட்பவர்களுக்கு லீ ரிட்லியைச் சொல்கிறேன். மூளை வாதத்தால் பேச்சு வராத ஆங்கிலேய நகைச்சுவையாளர். தட்டச்சு செய்ததைக் கருவி பேசும். 2018இல் பிரிட்டனின் பெரிய தொலைக்காட்சித் திறமைப் போட்டியில் வென்றார். அதே ஆண்டு பி.பி.சி. ரேடியோ 4இல் அவர் இணைந்து எழுதி நடித்த நகைச்சுவைத் தொடர் ஒலிபரப்பாயிற்று. ஆர்ஜென்டினாவின் புவனஸ் அயர்ஸ் நகரில் போர்டா மனநல மருத்துவமனைக்குள்ளிருந்து 1991 முதல் ஒரு வானொலி நடக்கிறது. நிகழ்ச்சி செய்கிறவர்கள் அங்கு சிகிச்சை பெறுபவர்களும் பெற்றவர்களும். மனநோய் என்றாலே குரலைத் தாழ்த்திப் பேசுகிற நம் ஊரில் இதைக் கொஞ்சம் உரக்கச் சொல்ல வேண்டும்.

இந்தியாவிலும் இது நடந்திருக்கிறது. பார்வையற்றவர்களே சேர்ந்து நடத்தும் "ரேடியோ உடான்" 2014இல் இணையத்தில் தொடங்கியது. அறிவிப்பு, பதிவு, தொழில்நுட்பம் எல்லாம் அவர்கள் கையில். 2022இல் நாக்பூரிலிருந்து பார்வையற்றவர்களுக்கான "ரேடியோ அக்ஷ்" வந்தது. நம்மைப் போலவே நெரிசலும் மேடுபள்ளமும் நிறைந்த ஊர்களில்தான் இவையும் நடக்கின்றன.

கலையகத்துக்குள் எப்படி?

நிலைய முகாமையாளர் ஒருவரிடம் இந்தப் பேச்சை எடுத்தால், "ஆசைதான், நடைமுறையில் எப்படி?" என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. விடையும் இருக்கிறது.

இன்றைய கலையகம் பெரும்பாலும் கணினி. பாட்டு, விளம்பரம், நிலையக் குறியிசை எல்லாம் திரையில் வரிசையாக நிற்கும். பார்வையற்ற ஒலிபரப்பாளருக்கு அந்தத் திரையைத் திரைவாசிப்பான் மென்பொருள் பேசிக் காட்டும். என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருளை 2006இல் உருவாக்கத் தொடங்கியவர் மைக்கல் கரன். விரைவிலேயே ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்ற அவுஸ்திரேலிய இளைஞர்கள். அது தமிழும் பேசும். வானொலி நிலையங்களில் பயன்படும் "ஸ்டேஷன் பிளேலிஸ்ட்" மென்பொருளுக்கு என்.வி.டி.ஏ. துணை நிரல் இருக்கிறது. பாட்டு முடிய எத்தனை விநாடி மிச்சம், அடுத்து எது, ஒலிவாங்கி திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதை அது காதில் சொல்லும். ஒலிப்பதிவை வெட்டி ஒட்ட "ரீப்பர்" மென்பொருள். அதைத் திரைவாசிப்பானோடு இணைக்கும் "ஒசாரா" நிரலை எழுதியவரும் அதே ஜேம்ஸ் டே.

கிட்டப் போய்ப் பார்த்தால் வேலை இப்படி நடக்கும். ஹெட்போனின் ஒரு காதில் நிகழ்ச்சி. மறு காதில் கணினியின் குரல், பழகாதவருக்கு எண்ணெயில் கடுகு பொரிவது போலக் கேட்கும் வேகத்தில். அந்தக் குரல் நேயர் காதுக்குப் போகாதபடி அதற்கென்று தனி ஒலி அட்டை வைத்திருப்பார்கள். பாட்டின் கடைசி அடி ஓடுகிறது. கணினி "பதினைந்து" என்கிறது. அவர் ஒலிவாங்கியை நெருங்குகிறார். விரல் கலவைப் பலகையின் மூன்றாவது நெம்பை ஏற்கெனவே தொட்டுக்கொண்டிருக்கிறது. எந்த நெம்பு எது என்று தெரிவதற்காக இரண்டில் சின்ன ஒட்டுப்புள்ளி வைத்திருக்கிறார். "ஐந்து". பேசத் தொடங்குகிறார். பாட்டு அவர் குரலுக்குக் கீழே மெல்லத் தாழ்கிறது. வீட்டில் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு இதில் எதுவும் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

எழுத்துப் பிரதியை வாசிக்கப் பல வழிகள். பிரெயில் வாசிப்பவருடைய விரல் அடுத்த சொற்களில் இருக்கும்போது வாய் முந்திய சொற்களைச் சொல்லிக்கொண்டிருக்கும். கண் பார்வையுள்ள நல்ல வாசிப்பாளரும் இதையே செய்கிறார். அவருடைய கண் நாக்குக்கு முன்னால் ஓடுகிறது. பிரெயில் புத்தகம் பருமன் கூடியது, கடைசி நிமிடத்தில் வரும் செய்தியை அச்சிட நேரமும் இருக்காது. அதற்கு மின்னணு பிரெயில் பலகை உண்டு. கணினியில் வரும் எழுத்து அதில் புள்ளியாக எழும்பும். விலைதான் கூடுதல். அதுவும் இல்லாவிட்டால் காதில் கேட்டதை அந்தக் கணமே வாயால் சொல்லும் பயிற்சி இருக்கிறது. உடனடி மொழிபெயர்ப்பாளர் செய்வதைவிட இது ஒரு படி எளிது, மொழி மாற்ற வேண்டியதில்லை. பழக மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். குரலை ஏற்ற இறக்கத்தோடு வைத்துக்கொண்டு காதையும் விடாமல் இருப்பது லேசான வித்தை அல்ல.

கையசைப்புக்குப் பதிலாக ஹெட்போனில் ஒரு சொல் போதும். சிவப்பு விளக்குக்குப் பதிலாக மேசையில் ஒரு சின்ன அதிர்வுக் கருவி போதும். நேரம் பார்க்கத் தொட்டுணரும் கைக்கடிகாரம் இருக்கிறது. தேவையான இலவச மென்பொருளும் மலிவான பொருட்களும் சேர்ந்து ஒரு நிலையம் தன் ஆண்டு விழா மேடைக்குப் பூக்கட்டச் செலவழிக்கும் பணத்தை எட்டுமா என்பது எனக்குச் சந்தேகம்.

சக்கர நாற்காலியில் வருபவருக்குத் தடை வேறு இடத்தில். கலையகக் கதவு ஒலி புகாதபடி கனமானது, தானாக மூடிக்கொள்ளும், கீழே உயர்ந்த நிலைப்படி. ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு கதவு, நடுவில் ஒரு ஆள் நிற்கும் இடம். நாற்காலியோடு அதற்குள் திரும்பவே முடியாது. மேசை உயரம், நிலையான இருக்கை, கழிப்பறை என்று பட்டியல் போகும். இவை கட்டும்போதே யோசித்தால் பெரிய செலவு இல்லாதவை. கட்டி முடித்தபின் யோசித்தால்தான் செலவு.

போய்ச் சேருவதே பாடு

கலையகம் வரை போன பிறகுதான் இதெல்லாம். வெள்ளவத்தையில் இருக்கும் பார்வையற்ற இளம்பெண் காலி வீதிக்கு இறங்கினால் முதலில் நடைபாதை. கடைக்காரரின் பலகை, நிறுத்திய மோட்டார் சைக்கிள், கிளம்பி நிற்கும் கொங்கிறீற் பாளம், திறந்த வடிகான். அடுத்து பஸ். 100ஆ, 101ஆ, மட்டக்குளிக்குப் போகும் 155ஆ என்று நெற்றியில் எழுதியிருப்பது அவருக்கு இல்லை. கொண்டக்டர் கத்துவதுதான் துணை. நம் பஸ் கொண்டக்டர்களின் தொண்டை பார்வையற்றவர்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதை அவர்களே அறியமாட்டார்கள். பஸ் முழுதாக நிற்காமல் நகர்ந்துகொண்டே ஏற்றுவதுதான் ஆபத்து. கொட்டாஞ்சேனையிலிருந்து வருபவருக்கு ஜம்பட்டா வீதியின் நெரிசலைத் தாண்டுவதே முதல் பரீட்சை. சக்கர நாற்காலிக்காரருக்குப் பஸ் பெரும்பாலும் உதவாது. முச்சக்கர வண்டிதான். காலை நிகழ்ச்சிக்கு அதிகாலையில் நிலையத்தில் இருக்க வேண்டுமென்றால் போகவர ஆகும் காசு, பகுதிநேர அறிவிப்பாளர் வாங்கும் கொடுப்பனவில் பாதியைத் தின்றுவிடும்.

2012 குடிசன மதிப்பீட்டின்படி இந்த நாட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 சதவீதம் பேருக்குப் பார்ப்பதில், கேட்பதில், நடப்பதில், நினைவில் வைத்திருப்பதில், தம்மைத் தாமே பராமரிப்பதில் அல்லது பேசிப் புரிந்துகொள்வதில் ஏதாவதொரு இடர்ப்பாடு உண்டு. 16 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். போர் இதில் தமிழ்க் குடும்பங்களுக்கு விட்டுச்சென்ற பங்கைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சிகிச்சைக்காக வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்து வெள்ளவத்தை லொட்ஜுகளில் தங்கியவர்களைப் பார்த்த ஊர் இது.

படிக்க இடம் இல்லாமல் இல்லை. காலி வீதியில் தெற்கே போனால் இரத்மலானையில் செவிப்புலன், விழிப்புலனற்றோர் பாடசாலை. அதன் தொடக்கம் 1912. யாழ்ப்பாணம் கைதடியில் நவீல்ட் பாடசாலை 1956இலிருந்து தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறது. அங்கிருந்து பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். நல்ல தமிழ் உச்சரிப்பும், மனப்பாட வலிமையும், பாட்டறிவும் உள்ள பட்டதாரிகள். அவர்களுக்குக் காட்டப்படும் பாதை பெரும்பாலும் ஆசிரியத் தொழில், தொலைபேசி இயக்குநர், இசை. ஒலிவாங்கியின் பக்கம் கை காட்டுபவர் அரிது.

சட்டம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. 1988இலேயே 27/88 இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை, அரச சேவை வெற்றிடங்களில் 3 சதவீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொன்னது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணமாக வைத்து வேலைக்கு எடுப்பதில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் விதிகள் 2006இல் வந்தன. ஐக்கிய நாடுகள் சபையின் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது.

இதில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. கலாநிதி அஜித் சி.எஸ். பெரேரா. வேதியியல் அறிஞர், கிரிக்கெட் நடுவர். 1992இல் ஓடிக்கொண்டிருந்த அவருடைய கார்மீது வீதியோர மரம் முறிந்து விழுந்தது. அன்றிலிருந்து சக்கர நாற்காலி. அணுகல் விதிகள் ஏட்டில் மட்டும் இருப்பதைப் பார்த்து, வழக்கறிஞர் இல்லாமல் தாமே உயர் நீதிமன்றத்தில் வாதாடினார். புதிய பொதுக் கட்டடங்கள் அந்த விதிகளைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்ற உத்தரவை 2011 ஏப்ரலில் பெற்றார். 2020இல் மறைந்தார். கொழும்பில் ஒரு கட்டடத்தில் சாய்தளத்தைக் கண்டால் அவரை நினைக்கிறேன். படிக்கட்டு மட்டுமே உள்ள புதுக் கட்டடத்தைக் கண்டால் இன்னும் அதிகம் நினைக்கிறேன்.

2024இல் பார்வையற்ற ஒருவர், சுகத் வசந்த டி சில்வா, இந்நாட்டின் வரலாற்றில் முதல் தடவையாகப் பாராளுமன்ற உறுப்பினரானார். சபை விவாதத்தில் பங்கெடுக்க முடிகிறவரின் சமூகத்தைச் சேர்ந்த ஒருவருக்கு ஒரு மணி நேரப் பாட்டு நிகழ்ச்சி நடத்த முடியாது என்று இனி எந்த முகத்தோடு சொல்வது?

கமரா வந்த பிறகு

இங்கே ஒரு புதுக் கவலையையும் சொல்ல வேண்டும். 1998இல் தனியார் தமிழ் எப்.எம்.கள் வந்தன. கலகலப்பு வந்தது, நேயர் நேரலையில் பேசினார், கொழும்புத் தமிழுக்கும் மலையகத் தமிழுக்கும் ஒலிவாங்கியில் இடம் கிடைத்தது. நல்ல மாற்றம். கடந்த சில ஆண்டுகளாகக் கலையகத்துக்குள் கமரா நுழைந்துவிட்டது. நிகழ்ச்சி முகநூலில் நேரலையாக ஓடுகிறது. அறிவிப்பாளரின் உடை, ஒப்பனை, சிரிப்பு எல்லாம் கணக்கில் வருகின்றன. விளம்பரதாரர் படத்தைப் பார்த்துப் பேசுகிறார். முகம் தேவைப்படாமல் இருந்த ஒரே ஊடகமும் முகம் கேட்கத் தொடங்கிவிட்டது. கண் ஒருங்கே நிலைக்காதவர், முகத்தில் தீக்காயத் தழும்பு உள்ளவர், கை நடுங்குபவர் ஆகியோருக்கு முன்பு இல்லாத ஒரு சுவர் இப்போது எழும்பியிருக்கிறது. கமராவைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அந்த முகங்களையும் காட்டுங்கள் என்கிறேன். நேயருக்கு ஒரு வாரம் புதிதாக இருக்கும். இரண்டாவது வாரம் அவர் பாட்டைக் கேட்பார்.

இன்னொரு வழக்கமும் மாற வேண்டும். டிசம்பர் 3 சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம், ஒக்டோபர் 15 வெள்ளைப் பிரம்பு தினம். அந்த நாட்களில் நிலையங்களில் ஒருவரை அழைப்பார்கள். ஒரு பாட்டுப் பாடச் சொல்வார்கள். "எப்படி இத்தனை தைரியமாக இருக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். அவர் அழாவிட்டாலும் பின்னணி இசை அழும். மறு நாள் அவர் வெளியே. அப்படி வந்த ஒருவருக்குக் கிரிக்கெட் பைத்தியம் இருக்கலாம், பங்குச் சந்தை தெரிந்திருக்கலாம், எம்.எஸ். விஸ்வநாதனின் ஒவ்வொரு பாட்டிலும் எந்த வாத்தியம் எங்கே நுழைகிறது என்று சொல்லத் தெரிந்திருக்கலாம். அதையெல்லாம் கேட்க ஆளில்லை. அவருடைய குறை ஒன்றே அவருடைய நிகழ்ச்சியாகிவிடுகிறது. எட் வோக்கர் நகைச்சுவை செய்ததைப் போல நம்மவர் ஒருவர் காலைக் கலகலப்பு செய்ய வேண்டும்.

இணையம் இருக்கிறதே, சொந்தமாக ஒலிபரப்பலாமே என்பார்கள். செய்யலாம், செய்ய வேண்டும். ஒரு நல்ல போனும் அமைதியான அறையும் இருந்தால் வெள்ளவத்தை அடுக்குமாடியிலிருந்தே ஒலியோடை தொடங்கலாம். துணிக் குவியல் நிறைந்த அலுமாரிக்கு எதிரே உட்கார்ந்து பதிவு செய்தால் எதிரொலி அடங்கும். வாரம் ஒன்று, அரை மணி நேரம், ஒரே நாளில், ஒரே நேரத்தில். பத்துப் பதினைந்து பதிவுகள் சேர்ந்தால் அதுவே உங்கள் விண்ணப்பம். எங்கே வேகமாகப் பேசுகிறோம், எந்தச் சொல்லைத் தேய்க்கிறோம் என்பது உங்கள் காதுக்கே தெரிந்துவிடும். பழைய அறிவிப்பாளர்களின் பதிவுகளைக் கேட்டு, அவர்கள் நிறுத்தும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களைப் போலப் பேச முயலாதீர்கள். கே.எஸ். ராஜாவின் வேகம் ராஜாவுக்கு.

குரல் தேர்வுக்கு அழைப்பு வந்தால், உங்கள் தேவையை முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். "எனக்கு வாசிப்புப் பகுதி மின்கோப்பாக வேண்டும், என் கணினியைக் கொண்டு வருவேன், கையசைப்புக்குப் பதில் சொல்லால் அறிவிக்கவும்." மூன்று வரி. தயங்க வேண்டாம். சலுகை கேட்கவில்லை, தேர்வில் உட்காருவதற்கான வழியைக் கேட்கிறீர்கள். தேறவில்லை என்றால் குரலால் தேறவில்லை என்று தெரியட்டும். அந்தத் தோல்விக்கும் எல்லோரையும் போல உங்களுக்கு உரிமை உண்டு.

நிலையங்களை நடத்துகிறவர்களிடம் என் வேண்டுகோள் சிறியது. சுதந்திர சதுக்கத்தில் இருந்தாலும் சரி, கோட்டையின் உயர்ந்த கோபுரத்தில் இருந்தாலும் சரி, அடுத்த முறை அறிவிப்பாளர் தேவை என்று விளம்பரம் போடும்போது ஒரு வரி சேருங்கள்: மாற்றுத்திறனாளிகளும் விண்ணப்பிக்கலாம், வாசிப்புப் பகுதி பிரெயிலிலோ மின்கோப்பாகவோ தரப்படும், தேர்வு தரைத்தளத்தில் அல்லது மின்தூக்கி உள்ள இடத்தில் நடக்கும். தெரிவாகும் ஒருவருக்கு ஆறு மாதம் பயிற்சி கொடுங்கள், மற்றவருக்குக் கொடுக்கும் அதே கொடுப்பனவோடு. முதல் நிகழ்ச்சியாக விழிப்புணர்வு நிகழ்ச்சியைக் கொடுக்காதீர்கள். பிறந்தநாள் வாழ்த்தைக் கொடுங்கள். கொட்டாஞ்சேனையில் எந்தப் பிள்ளைக்கு இன்றைக்கு ஏழு வயது, அப்பப்பாவும் அம்மம்மாவும் எங்கிருந்து வாழ்த்துகிறார்கள் என்று அவர் சொல்லட்டும்.